சிவப்புத் தோல் இன்ஜின்

பசை காய்வதற்குள் பெயரை எழுதச் சொன்னது ஜெஸ்டன்தான். "அவங்கவங்க ஒட்டின துண்டுக்குக் கீழ அவங்கவங்க பேரு. நாளைக்கு உங்க பசங்களக் கூட்டியாந்து காட்ட வேணாமா?" என்றதும் எட்டாம் வகுப்புப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆம்பூரில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் ஜெஸ்டன். பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகளை வைத்து ஊரையே படமாகச் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். மலை, பாலாறு, ரயில், எல்லாமே தோல் துண்டில். ஷூ கம்பெனிக்கு ஆள் போகிற வீட்டில் வெட்டுத் துண்டு இல்லாமல் இருக்குமா? "வீட்டுல கெடக்கறத எடுத்துட்டு வாங்க" என்றார். இருபத்து மூன்று பேரும் கொண்டுவந்தார்கள். முபஷ்ஷிரா கொண்டுவந்தது ரத்தச் சிவப்பு, மேலே பொடிப் பொடியாய் இலை அச்சு. அதை ரயில் இன்ஜினுக்கு வைத்தார்.

பசையும் பெயின்ட்டும் வாங்கிக் கொடுத்த ஷூ கம்பெனியிலிருந்து மேனேஜர் தௌசீப் அகமது பார்க்க வந்தார். சிரித்த முகமாகத்தான் வந்தார். இன்ஜின் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"இது புது டிசைன் சாம்பிள் தோலாச்சே. கம்பெனிய விட்டு வெளியவே போகலியே இன்னும்."

"பழைய துண்டு விக்கிற கடையில நான் வாங்கினது சார்." வாயில் வந்த பொய்யைச் சொன்னார் ஜெஸ்டன்.

மேனேஜர் குனிந்து படித்தார். "முபஷ்ஷிரா. யாரும்மா அது? உங்க வீட்ல யாரு நம்ம கம்பெனில?"

அவள் ஜெஸ்டனைப் பார்த்தாள். அதற்குள் பக்கத்தில் நின்றவள், உதவி செய்கிற நினைப்பில், "அவங்க அம்மி சார், வஜீதா. கட்டிங் செக்‌ஷன்" என்று சொல்லிவிட்டாள்.

மேனேஜர் செல்போனில் படம் எடுத்தார். காரில் ஏறும்போதே யாருக்கோ பேசிக்கொண்டு போனார்.

முதலில் ஒருத்தி தன் துண்டைப் பிய்த்தாள். அடுத்தவள் நகத்தால் சுரண்டினாள். மலை போனது, ஆறு பாதி போனது.

"ஏய், விடுங்கம்மா!"

"எங்கப்பாவும் அங்கதான் சார்" என்றாள் ஒருத்தி, கையை நிறுத்தாமல். ஜெஸ்டன் அதற்கு மேல் தடுக்கவில்லை. வண்டியை எடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி கேட்டுக்கு வெளியே, சுவரோரம், டிபன் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள் முபஷ்ஷிராவின் அம்மா வஜீதா. ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்களாம். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

"நான் உள்ள போய்ப் பேசறேம்மா. கேட்டது நானு. தப்பு என்னுது."

"எடுத்தது நான்தானே சார். கருப்புத் துண்டு வீட்ல நெறைய இருந்திச்சு. எல்லாரும் கருப்பே கொண்டு வர்றாங்கன்னு சார் பேஜாராவறாருன்னு பாப்பா சொல்லிச்சு. சரி, கலரா ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். சலிப்பில் ஒரு நாள் சொன்னது.

கேட்டில் போய்க் கேட்டார். "அப்பாயின்ட்மென்ட் இருக்கா? இல்லன்னா ஓரமா நில்லுங்க" என்றார் வாட்ச்மேன்.

வஜீதா கொஞ்சம் நகர்ந்து, அவருக்கும் நிழலில் இடம் விட்டாள்.