இளையவள் வீட்டுப் பூஞ்சாணம்

பெரிய காற்று என்று சொல்லும்படி எதுவும் அடிக்கவில்லை. ஆனாலும் மூத்த மருமகளின் தோட்டத்தில் தார் தள்ளிய வாழைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கொழுந்தனின் பங்கில், ஒரு மரம்கூட அசையவில்லை. தன் மரங்கள் விழுந்ததையாவது அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஓரகத்தியின் மரங்கள் விழாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கணவன் ஒரு வேரைப் பிளந்து காட்டினான். உள்ளே செங்கருப்பாக அழுகியிருந்தது. நூற்புழு வேலை. கண்ணுக்கே தெரியாத புழு, வேருக்குள் புகுந்து தின்று அங்கேயே முட்டையிட்டுப் பெருகிவிடும்.

இளையவள் அதற்கு வழி தெரிந்து வைத்திருந்தாள். ஆய்வுப் பண்ணையில் நடந்த பயிற்சிக்குப் போனவள், அந்தப் புழுவின் முட்டையைத் தின்னும் பூஞ்சாணத்தூளை வாங்கி வந்து, மக்கிய எருவில் கலந்து, கொட்டகை நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வளர்த்தாள். கன்று நடும்போதே குழியில் அள்ளிப் போட்டாள். அன்றைக்கு மூத்தவள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஊரெல்லாம் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, இவள் பூசணத்தைச் சோறு போட்டு வளர்க்கிறாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள்.

இப்போது மாமனார் காலையில் நடக்கப் போவதுகூட அந்தப் பக்கம்தான். திரும்பி வந்து, மூத்தவள் போட்டுக் கொடுத்த தேநீரை உறிஞ்சியபடியே இளையவளின் தார்களை வர்ணிப்பார். இவளுக்குக் காதில் புகை வரும்.

ஒருநாள் இளையவள் தானாகவே வந்து, எரு நிறைய இருக்கிறது, இரண்டு மூட்டை தரட்டுமா என்று கேட்டாள்.

"எங்களுக்கு எதுக்கு? நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மூத்தவள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்குவதா? அதுவும் அவளிடமா?

இளையவள் வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போன பகலில், மூத்தவள் கூடையோடு வாய்க்காலைத் தாண்டினாள். குவியலில் அள்ளியது தெரியாதபடி சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்தாள். புதிதாக நட்ட கன்றுகளுக்கெல்லாம் போட்டாள். கணவனிடம்கூட மூச்சு விடவில்லை; அவன் பாட்டுக்கு அழுகலுக்கென்று வேரில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஒன்றும் பலிக்கவில்லை. கன்றுகள் வெளுத்தன. பிடுங்கிப் பார்த்தால் அதே அழுகல். நல்ல சரக்கை ஒளித்துவைத்துவிட்டு, சும்மா எருவைத்தான் வெளியே குவித்திருக்கிறாள் என்று மூத்தவளுக்குத் தோன்றியது. எவ்வளவு கெட்டிக்காரி! மனம் ஆறாமல் வாய்க்கால் ஓரத்தில் நின்று, எல்லாருக்கும் அந்த எரு பலிக்காது போலிருக்கிறது என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

இளையவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"அழுகலுக்குன்னு அத்தான் வேர்ல மருந்து ஊத்தினாங்கல்ல அக்கா, அது பூஞ்சாணத்தைக் கொல்ற மருந்து. நல்லது எது கெட்டது எதுன்னு அதுக்குத் தெரியாது. மருந்து வேகம் போகட்டும். இன்னொரு தடவை போடுங்க, நானே கொண்டாந்து தரேன்."

இன்னொரு தடவை என்றாள். அப்படியானால் முதல் தடவை தெரிந்திருக்கிறது. மூத்தவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று புரியவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருக்கலாம். நாலு பேரிடம் சொல்லியிருந்தால் அதைவைத்துச் சண்டை பிடித்திருக்கலாம். யாரிடமும் வாயே திறக்காமல் நல்லவளாக நின்றவளை என்ன செய்வது?

மூட்டைகளை வாங்கிக்கொண்டாள். கணவனை மருந்துப் பக்கமே போகவிடாமல் காவல் காத்தாள். வெளுத்தவற்றில் பாதி போய்விட்டது. மீதி பிடித்துக்கொண்டு எழுந்து, தார் தள்ளியும் நிமிர்ந்து நின்றன. பார்க்க வந்த வியாபாரி, இளையவங்க சொல்லிக் கொடுத்ததா என்றான். இவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பெருமையாகத் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் மரங்களுக்கு முட்டுக் கொடுக்கப் போனாள். கை கம்பை நட்டுக்கொண்டிருந்தது. கண் மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தாரில் சீப்புகளை எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு சீப்பு அதிகம். சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினாள்.