கிளியம்மாளுக்குப் படையல்

தட்சிணாமூர்த்தி ஸ்டூல்மேல் நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அது ஆடாமலிருக்கத் தங்கை கிளியம்மாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இரும்புலியூரில் நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு கட்டிய வீடு. சிமெண்டு இறுகிப்போயிருந்ததால் ஆணி இரண்டு முறை வளைந்தது. அம்மா பச்சையம்மா பரணிலிருந்து ஒரு படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள். கிளியம்மாளின் படம். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்து ஸ்டுடியோவில் எடுத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்த நாளாக அந்தப் படம் பரணில்தான் கிடந்தது. இப்போதாவது மாட்டுகிறார்களே என்று அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. செத்துப்போன அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அண்ணன் அதை மாட்டினான். அம்மா கண்ணாடிமேல் சந்தனம் வைத்தாள், அதன்மேல் குங்குமம் வைத்தாள். பிறகு அண்ணன் பையைப் பிரித்துச் சம்பங்கி மாலையை எடுத்தான்.

"யம்மா, நான் உயிரோடதான கீறேன்?" என்றாள் கிளியம்மாள்.

அண்ணன் மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

நடந்தது இதுதான். சின்னத் தங்கை கோமளாவுக்கு மறைமலை நகர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தான். பெண் பார்க்க வந்த அன்று கிளியம்மாளைப் பின்னறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பொன்னியம்மாள், மூத்தவள் எங்கே என்று கேட்டாள். பெற்ற பிள்ளை மூன்றாம் நாள் இறந்து, அந்தத் துக்கத்தில் மூத்தவளுக்குப் புத்தி கலங்கியது. எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இப்போது மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள். தட்சிணாமூர்த்தி இதைச் சொல்லியிருக்கலாம், அத்தனையும் உண்மை. ஆனால் பைத்தியம் பிடித்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் தாராளமாக எடுப்பார்கள். நம் ஜனங்களின் கணக்கு அப்படி. "பிரசவத்துல செத்துப் பூட்டா" என்று சொல்லிவிட்டான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் புதிதாகக் குடிவந்த ஆபீஸ்காரர்கள், மறுத்துச் சொல்ல ஆளில்லை.

பொய் அதோடு நிற்கவில்லை. பொன்னியம்மாள் பக்திக்காரி. குங்குமத்தோடு போனவள் குடும்பத்தைக் காக்கிற தெய்வம், பூவாடைக்காரி அல்லவா, அவளுக்குப் புதுச் சேலை வைத்துப் படையல் போடாமல் கல்யாண வேலையைத் தொடங்கலாமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை போடுங்கள், நானே வருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கிளியம்மாளுக்கோ அந்த வெள்ளிக்கிழமையைவிட வேறொரு நாள்தான் முக்கியம். மேற்குத் தாம்பரத்தில் அருள்மேரி என்கிற அம்மாள் ஒரு வாடகை வீட்டில், அவளைப் போல ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களைச் சேர்த்துத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாகக் கிளியம்மாள் அங்கே போய்வந்தாள். "சுகருக்கு மாத்திரை சாப்பிடறவங்க ஒளிஞ்சுகிட்டா சாப்பிடறாங்க? நீ மட்டும் ஏன் ஒளியணும்?" என்று அருள்மேரி கேட்டது அவள் மனதில் தங்கிவிட்டது. மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. சட்டைக் காலர் தைக்க அவள் கை நன்றாகப் படிந்திருந்தது. அருள்மேரி நேரில் போய்ப் பேசி, இருந்த நோயையும் மறைக்காமல் சொல்லி, தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை வாங்கியிருந்தாள். படையலுக்கு அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரவேண்டும். கேட் பாஸில் ஒட்ட ஒரு போட்டோ வேண்டும்.

படம் மாட்டிய அன்று ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் அதை அண்ணனிடம் சொன்னாள்.

"கல்யாணம் முடியற வரிக்கும் வெளிய தல காட்டாத. அப்பால பாத்துக்கலாம்" என்றான் அவன்.

கல்யாணம் முடிந்த பிறகு மட்டும் செத்தவள் எழுந்து வரலாமா என்று அவள் கேட்கவில்லை. கோமளாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பச்சையம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வருஷமாகக் கிளியம்மாளை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. நெருப்பு வைத்துக்கொள்வாள் என்று பயம். அன்றைக்கு வேறு வழியில்லை. பச்சரிசிப் பொங்கல், வடை, முருங்கைக்கீரை, கத்திரிக்காய் குழம்பு, எல்லாவற்றையும் அவளே சமைத்தாள். தனக்கான படையலைத் தானே சமைக்கிறோம் என்று நினைத்தபோது கண்ணீர் முட்டியது. புகை என்று சொல்லலாமென்றால் அது கேஸ் அடுப்பு. வாசலில் பொன்னியம்மாளின் குரல் கேட்டதும் தானாகவே பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்டது. இலை போட்டார்கள், சேலையும் வளையலும் பூவும் வைத்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். பொன்னியம்மாள் வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். "தாயே, கிளியம்மா, எம் புள்ளயும் உன் தங்கச்சியும் நல்லா இருக்கணும். நீதான் கூட நின்னு பாத்துக்கணும்."

அவள் பெயரைச் சொல்லி இவ்வளவு பிரியமாக யாரும் பேசி வெகு நாளாயிற்று. பச்சையம்மா திடீரென்று வாய்விட்டு அழுதாள். பொன்னியம்மாள் அவளைத் தேற்றினாள். பெற்ற வயிறு அழத்தான் செய்யும் என்றாள். கதவுக்கு இந்தப்பக்கம் கிளியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாதவர்கள் செத்தவளிடம் எவ்வளவு கேட்கிறார்கள்.

பூவாடைக்காரியின் சேலையை வீட்டுக் கன்னிப்பெண் கட்டிக்கொள்வது வழக்கம். கோமளாவிடம் கொடுத்துவிட்டுப் பொன்னியம்மாள் கிளம்பினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோமளா பின்னறைக்கு வந்து, அரக்குச் சேலையை அக்காவின் மடியில் வைத்தாள்.

"இது உனுக்கு வெச்சதுதானே. திங்கக்கெழம கட்டிகினு போ."

"அவங்களுக்குத் தெரிஞ்சா உன் கல்யாணம் இன்னா ஆவும்?"

கோமளா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனுக்கும் பயமாத்தான் கீது. இருந்தாலும் அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து என்னால சோறு துன்ன முடியலக்கா. நீ போ."

திங்கட்கிழமை காலை கிளியம்மாள் குளித்து அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கூடத்தில் அண்ணன் எதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஸ்டூலைச் சுவரோரம் இழுத்தாள். கோமளா வந்து ஆடாமல் பிடித்துக்கொண்டாள். கிளியம்மாள் மாலையைக் கழற்றிவிட்டுப் படத்தை எடுத்தாள். வாடிய மாலையை மட்டும் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

சட்டத்தின் பின்பக்கத்தைக் கத்தியால் நெம்பிப் போட்டோவை உருவினாள். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியோடு போயின. படத்திலிருந்த முகத்தில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. கத்தரிக்கோலால் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மாத்திரை கவருக்குள் வைத்துக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தான். ஸ்டூலைப் பிடித்தபடியே நின்ற கோமளாவைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

பச்சையம்மாதான் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "அடியே, அந்தப் பொன்னியம்மா திடுதிப்புனு வந்து படம் எங்கன்னு கேட்டா நான் இன்னாடி சொல்றது?"

கிளியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"உன் பொண்ணு செத்துட்டான்னே சொல்லு. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துருவா, சோறு எடுத்து வெய்யி."