சத்தம் அமுங்கிய மத்தியானம்

அம்பியின் பெண்டாட்டி ஹம்சாவின் நெஞ்சுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் கெட்டுப்போன இருதய வால்வை எடுத்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் உலோக வால்வு ஒன்று வைத்திருந்தார்கள். அதிலிருந்த சின்னத் தட்டு திறந்து மூடும்போதெல்லாம் டிக், டிக் என்று வெளியே கேட்கும். பரீட்சை ஹாலில் ஹம்சா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றால், நேரம் முடிந்துவிட்டதோ என்று பிள்ளைகள் பதறுவார்கள்.

அம்பி பதறியது வேறு மாதிரி. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, ஒரு நாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டான். அவள் தூங்கியிருக்கவில்லை. எழுந்துபோய் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தாள். மனுஷனுக்கு மானம் போயிற்று. பஞ்சைத் தூக்கி எறிந்தான். கொஞ்ச நாளில், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

உலோக வால்வு என்றால் அதன்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதற்காகத் தினமும் ஒரு மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க மாதம் ஒரு டெஸ்ட். இதெல்லாம் அம்பிக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷப் பங்குனிக் கடைசியில், வேறொரு டெஸ்டில் ஹம்சாவுக்கு ஹீமோகுளோபின் குறைவு, ரத்தம் போதாது என்று வந்தது.

அவ்வளவுதான், அம்பி வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். தெற்கு மாட வீதியில் கீரைக்காரி கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே போய் நிற்பான். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, முளைக்கீரை. கூட்டு, மசியல், கறி, அடைக்குள்ளேயும் கீரை. ஹம்சா அலுத்துக்கொண்டாலும் விடவில்லை. அடுத்த மாதம் மறுபடி பார்த்தபோது ரத்தம் நன்றாக ஏறியிருந்தது. அம்பிக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டான். உறைகிற டெஸ்டுக்கு ஹம்சா கிளம்பியபோது, இப்போதுதானே ரத்தம் எடுத்தார்கள், எத்தனை தடவை குத்திக்கொள்வாய் என்று அவனே தடுத்தும்விட்டான். ஒரே ரத்தம்தானே, ஒரு டெஸ்டில் பாஸானால் போதாதா என்பது அந்த மேதாவியின் கணக்கு.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றால் வீட்டில் முதலில் கேட்பது ஹம்சாவின் டிக் டிக்தான். பாயில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்பி அதற்காகவே காத்திருந்தான். கேட்கவில்லை. பேப்பரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கண்ணை மூடியிருந்தவளின் நெஞ்சருகே காதைக் கொண்டுபோனான். சத்தம் இருந்தது. ஆனால் துணி சுற்றிய கதவைச் சாத்துகிற மாதிரி, மொத்து மொத்தென்று.

"ஹம்சா, மூச்சு வாங்கறதா உனக்கு?"

"ரெண்டு மூணு நாளா மாடி ஏறினா வாங்கறது. வெயில்தான்னா, வேறென்ன?"

அம்பி அதற்குமேல் கேட்கவில்லை. கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, அவளை மெதுவாகக் கைத்தாங்கலாக இறக்கி, வாசலில் போன ஆட்டோவை மறித்தான். ஓட்டியவர் வலியுல்லா. ராயப்பேட்டைப் பக்கம் இருதய ஆஸ்பத்திரி என்றதும் வண்டியைப் பறக்கவிட்டார். லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபோதுதான் திரும்பிப் பார்த்து, "சார், சட்டைய உள்பக்கம் வெளிய தெரிய போட்டுகினு கீறீங்க," என்றார். ஹம்சா அந்த மூச்சிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அம்பியின் உயிரைப் பிடித்து உலுக்கியது. இவள் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தான், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

டூட்டியில் இருந்த டாக்டர் கீர்த்தி, ஈசிஜி பெரிய மோசமில்லை, வெயிலாகவும் இருக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்.

"சத்தம் மாறிடுத்து டாக்டர். ரெண்டு வருஷமா பக்கத்துல படுத்துண்டு கேக்கறேன்," என்றான் அம்பி.

கீர்த்தி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். ஸ்ட்ரெச்சர் ஓடியது, ரத்தம் லேபுக்கு ஓடியது, அம்பி எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடினான். எக்ஸ்ரே திரையில் வால்வின் தட்டு பாதி திறந்து அப்படியே சிக்கிக்கொண்டிருந்தது. ரத்தமோ, மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கு உறைகிற வேகத்தில் உறைந்தது.

மாத்திரையை விட்டீர்களா, புது மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் கீர்த்தி சாப்பாட்டு விஷயத்துக்கு வந்தார். அம்பி கீரைக் கதையைச் சொன்னான். சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது.

"கீரை நல்லதுதான் சார். ஆனா அளவு திடீர்னு கூடினா இந்த மாத்திரையை வேலை செய்ய விடாது. ரத்தமும் ஏறியிருக்கு, உறையவும் ஆரம்பிச்சிருக்கு. அதுக்குத்தான் அந்த இன்னொரு டெஸ்ட்."

தன் கையாலேயே ஊட்டியிருக்கிறோம் என்று அம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. வால்வில் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றலாம் என்றார் கீர்த்தி; கரையும்போது ஒரு துணுக்கு மூளைக்குப் போனாலும் போகலாம். இல்லையென்றால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். ஹம்சாதான் மருந்தே ஏற்றுங்கள் என்று தெளிவாகச் சொன்னாள்.

விடிந்தபின் நர்ஸ் சகினா வெளியே வந்து, மூச்சுத் திணறல் குறைந்துவிட்டது, பேச்சு தெளிவாக இருக்கிறது, உள்ளே வரலாம் என்றார். உள்ளே மெஷின்களின் சத்தத்தில் தன் காலடிகூட அம்பிக்குக் கேட்கவில்லை. குனிந்து ஹம்சாவின் நெஞ்சருகே காதை வைத்தான்.

டிக். டிக். டிக். கணீரென்று, பழையபடி.

அவன் விரல்கள் தானாகவே கட்டில் கம்பியில் தாளம் போட ஆரம்பித்தன. கட்டி கரைந்துவிட்டது, இவள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. ஹம்சா கண்ணைத் திறந்தாள். இன்னும் உள்பக்கம் வெளியே தெரிந்த சட்டையைப் பார்த்தாள். சகினாவின் தட்டில் இருந்த பஞ்சுச் சுருளைப் பார்த்தாள்.

"சிஸ்டர், அந்தப் பஞ்சுல கொஞ்சம் இவருக்குக் குடுங்கோ," என்றாள். "ஆத்துக்குப் போனா இவர் தூங்கணுமோல்லியோ?"

அம்பிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் காதை அங்கேயே வைத்துக்கொண்டான்.