புது வண்டியின் வாடை

மேலிருந்து நாலாவது வளைவில் வண்டி திரும்பியதுமே கற்பகம் மூக்கைச் சுளித்தாள்.

“ஏங்க, ஏதோ கருகுற வாடை வருதுல்ல?”

“புது வண்டின்னா அப்படித்தான். பிரேக்கு லைனிங் எல்லாம் புதுசு, கொஞ்ச நாளைக்கு வாடை அடிக்கும்னு கம்பெனிக்காரனே சொன்னான்” என்றான் அவள் புருஷன் தங்கபாண்டி. சொந்த வண்டியை யாரும் ஒரு குற்றம் சொல்ல விடமாட்டான். பூசை போட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது. சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. கற்பகம் அதன்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் வழுக்கிக்கொண்டே வந்தாள்.

பின்னால் பூப்பாறையில் ஏற்றிய ஏலக்காய், முப்பது மூட்டை. போடியில் கற்பகம் காய் பொறுக்குகிற மண்டிக்குப் போகிற சரக்கு. அங்கே தரம் பார்க்கிற மொக்கச்சாமி, அவள் முகத்துக்காக ஒரே ஒரு நடை கொடுத்திருந்தார். சரக்கு பழுதில்லாமல் வந்தால் வாராவாரம் லோடு தங்கபாண்டிக்குத்தான். பழுதானால் லோடும் போச்சு, கற்பகம் அந்த வாசலில் தலை நிமிர்ந்து நுழைவதும் போச்சு.

அத்தனை ஏலக்காய் மணத்தில் வேறு வாடை லேசில் தெரியாது. ஆனால் அவளுடையது பதினோரு வருஷம் காய் பொறுக்கிய மூக்கு. உலர்த்தும்போது சூடு கூடிப்போன காயை மோந்தே ஒதுக்கிவிடுவாள்.

“இது புதுசோட வாடை இல்லங்க, தீயிற வாடை. நிப்பாட்டுங்க” என்றாள் ஆறாவது வளைவில்.

அவன் வாய் திறப்பதற்குள் பிரேக்கே பதில் சொல்லிவிட்டது. மிதித்த பெடல் பஞ்சுத் தலையணை மாதிரி உள்ளே போனது. வண்டியோ நிற்கிற யோசனையே இல்லாமல் உருண்டது. அவன் கை தானாகக் கியரைக் குறைத்தது. இஞ்சின் ஊளையிட, வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி, கியரிலேயே நிறுத்தினான். சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் மூச்சே வந்தது. பின்சக்கரத்திலிருந்து சாம்பிராணி போட்டாற்போல் புகை எழும்பியது.

கற்பகம் தண்ணீர்க் கேனோடு ஓடி வந்தாள்.

“ஊத்திராத! இந்தச் சூட்டுல தண்ணி பட்டா பிரேக்கு டிரம்மு விரிசல் விட்ரும். தானா ஆறணும்.”

“சரி, எதுக்குச் சூடாச்சு? அதச் சொல்லுங்க.”

காரணம் அவனுக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கம். இருபது வருஷம் இதே மலையில் அடுத்தவன் வண்டியை, ஏறின கியரிலேயே அலற அலற இறக்கியவன் அவன். மலையடிவாரத்து முந்தலில் டீ ஆற்றுகிறவருக்குச் சத்தத்தை வைத்தே ஆள் தெரியும். அப்பேர்ப்பட்டவன், முதல் சர்வீஸ் வரைக்கும் இஞ்சினை முறுக்க வேண்டாம் என்று கம்பெனியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வண்டியை டாப் கியரில் விட்டுப் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியிருக்கிறான்.

“இஞ்சின் கத்துனா மனசு கேக்கல கற்பகம்.”

“அடுத்தவன் வண்டி கத்துனப்ப இந்த மனசு எங்க போச்சு? செல்லம் குடுத்தே மலையிலருந்து உருட்டப் பாத்தீங்களே, நல்லா இருப்பீங்க!”

திட்டிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. பயம் தெளிந்த சிரிப்பு. அவனும் சேர்ந்துகொண்டான்.

சிரிப்பு அடங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் மூட்டைகளைப் பார்த்தார்கள். ஏலக்காய் லேசுப்பட்டதில்லை. பக்கத்தில் எது புகைந்தாலும் அந்த வாடையை வாங்கி வைத்துக்கொள்ளும். கற்பகம் தார்ப்பாயைத் தூக்கி, பின்சக்கரத்துக்கு மேலிருந்த மூட்டையை மோந்தாள். மறுபடி மோந்தாள்.

“தெரியலங்க. மூக்கு பூராம் பொகையா இருக்கு.”

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, டிரம் ஆறி, பெடல் கெட்டியான பிறகு, ரெண்டாவது கியரில் கிளம்பினார்கள். இஞ்சின் கத்தியது. தங்கபாண்டி பல்லைக் கடித்தான்.

“கத்தட்டும், கத்தட்டும். பிள்ளைன்னா கத்தத்தான் செய்யும்” என்றாள் கற்பகம். முந்தலில் டீக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கிக் காட்டினார்.

மண்டியில் மொக்கச்சாமி, யாரோ சொல்லி வைத்ததுபோல் அந்தப் பின்சக்கரத்து மூட்டையையே பிரிக்கச் சொன்னார். கை நிறைய அள்ளி, கண்ணை மூடி மோந்தார். திறக்காமல் இன்னொரு தடவை மோந்தார். தங்கபாண்டியின் வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. கற்பகம் அதைக் கவனித்துவிட்டாள்.

“கால எடுங்க, பொகையப் போகுது” என்றாள் காதோரம்.

எடுத்தான். எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், மொக்கச்சாமியின் மூடிய கண்களைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்றான்.