தட்டை வாங்காத தங்கை

வேம்புலியம்மாள் தாம்பூலத் தட்டோடு வாசலில் வந்து நின்றதும், தன் மகன் ராகேஷுக்கு ஏதோ சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் யுவராணி நினைத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் கிழங்கு, மேலே மடித்து வைத்த ஒரு ரவிக்கைத் துணி. அக்காவை உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டாள்.

"பொண்ணு எந்த ஊருக்கா?"

"பொண்ணு இல்லடி, புள்ள. என் புள்ளைய உனுக்குக் குடுக்க வந்துகீறேன்."

வேம்புவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் பரந்தாமன் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது பாரிவாக்கத்து வீடும் சரணும்தான். சரணுக்கு முப்பது வயது. வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் திருகாணிகளைப் பொட்டலம் போடுகிறான், ஒன்றுகூடத் தவறாது. ஆனால் யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவான். வளர்ந்த உடம்புக்குள் ஒரு சின்னப் பிள்ளை.

"ஊட்ட உன் பேருக்கு எழுதிட்றேன். நீ அவனப் பாத்துக்க. அவ்ளோதான் விஷயம்," என்று வேம்பு தட்டை நீட்டினாள்.

அவர்கள் குடும்பத்தில் தட்டு மாற்றினால் முடிந்தது. பெண் கொடுப்பதும் அப்படித்தான், வயல் இருந்த காலத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டதும் அப்படித்தான். தட்டை வாங்கிய பிறகு எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டவனோடு ஒரு தலைமுறை முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறது. அது யுவராணிக்கும் தெரியும். கை தட்டின் விளிம்பு வரை போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

"எனுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கா."

வேம்பு அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தாள். போகும்போது தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். கொண்டுவந்த தட்டைத் திருப்பி எடுத்துப் போவது அவர்கள் வீட்டில் இழவுச் செய்திக்குச் சமம்.

"லூசா நீ?" என்றான் கணவன் தசரதன். கம்பெனி வேன் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். "சரணு நமக்கு வேத்தாளா? எப்டியும் நாமதான் பாக்கப் போறோம். யாரு பேர்ல இருந்தா இன்னா?"

"அதான் நானும் கேக்குறேன். யாரு பேர்ல இருந்தா இன்னான்னா, அவன் பேர்லயே இருக்கட்டுமே."

"ஆங், இருக்கும். எவனாச்சும் ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்து கையெழுத்து வாங்கிகினு போய்டுவான்."

அதுவும் நிஜம்தான். ஆனால் சொல்ல முடியாத ஒன்று யுவராணிக்குள் உட்கார்ந்திருந்தது.

அக்கா பேசிக்கொண்டிருந்தபோதே அவள் மனம் பாரிவாக்கத்து வீட்டு ஹாலுக்குப் போய், ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவு எடுத்துவிட்டது. அதோடு நிற்கவும் இல்லை. பின்பக்க அறையை ராகேஷுக்கு ஒழித்துக் கொடுத்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் "சொந்த ஊடா?" என்று கேட்டவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பிறகு அவளுக்குத் திக்கென்றது. சரண் எங்கே? அந்த வீடு முழுக்கத் தேடினாள். மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டிலில் இருந்தான். யாரும் அவனை அங்கே அனுப்பவில்லை. அவளேதான் அனுப்பியிருந்தாள். அவளுக்கு அவன்மேல் உயிர். பிறந்த அன்று முதலில் தூக்கியவள் அவள். ஆனாலும் அனுப்பியிருந்தாள். அன்பு இருக்கிற இடத்திலேயே இப்படி ஒன்றும் ஓசைப்படாமல் குடியிருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அங்கே எவ்வளவு கைதேர்ந்த டெய்லராக இருந்தாலும், தான் தைத்த உருப்படியைத் தானே பாஸ் பண்ண முடியாது. வேறொரு கண் பார்க்க வேண்டும். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. அந்த நினைப்பில்தான், ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பூந்தமல்லியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் வக்கீல் நிவேதிதாவின் ஆபீஸ் படியேறினாள்.

நிவேதிதா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வீட்டை உங்க பேருக்கு எழுதவே வேணாம்மா. உங்க அக்கா உயில்லயே சரணுக்காக ஒரு டிரஸ்ட் வைக்கலாம். உயிலை நிறைவேத்துறவங்கள எக்ஸிக்யூட்டர்னு சொல்வோம். அந்த வேலைக்கு ஒரு முடிவு உண்டு. கடன் கிடன் இருந்தா தீர்த்துட்டு, சொத்தை எங்க சேக்கணுமோ அங்க சேக்கணும். டிரஸ்ட்டைப் பாத்துக்கிற டிரஸ்டி வேலை அப்படி இல்ல, அது சரண் இருக்கிற வரைக்கும். வீடு உங்க பொறுப்புல இருக்கும். ஆனா உங்களோடது இல்ல."

"நான் அத்த விக்க முடியாதுல்ல?"

"உயில்ல கூடாதுன்னு எழுதிட்டா முடியாது. நீங்களே வாங்கிக்கவும் கூடாது. வாடகை வந்தா அது சரணுக்கு. கணக்கு வைக்கணும், கேட்டா காட்டணும்."

"யாரு கேப்பாங்க?"

"இன்னொரு டிரஸ்டி இருந்தா அவர் கேப்பார்."

யுவராணிக்கு மூச்சு இலகுவாக வந்தது. "எங்க பரந்தாமன் மாமாவோட தம்பி ஞானசேகரன்னு ஒருத்தரு கீறாரு. அவருக்கு என்னக் கண்டாலே ஆவாது. அவரையே போடுங்க."

நிவேதிதா சிரித்துவிட்டாள்.

சிரிப்பெல்லாம் அங்கேயே முடிந்தது. மறுநாள் பாரிவாக்கத்தில் யுவராணி சொன்னதை வேம்பு கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், கேட்கக் கேட்க ஆய்வது வேகமானது.

"தட்ட நீட்டுனா வக்கீல இஸ்துகினு வர்றியா? நான் உன்ன நம்பித் தானடி வந்தேன். நீயே உன்ன நம்பலன்னா நான் யாருகிட்டப் போவேன்? புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. அந்த ஞானசேகரன உள்ள வுட்டு என்ன அசிங்கப்படுத்தாத."

"அக்கா, நான் சொல்றத—"

"இன்னாத்த சொல்லப் போற? துணி கம்பெனில சூப்பர்வைசர் ஆனதும் கூடப் பொறந்தவளுக்கே பாண்டு பேப்பர் நீட்டுற."

"நீ சொன்ன அன்னிக்கே, நீ சொல்லிகினு இருக்கும்போதே, நான் இந்த ஜன்னலுக்கு ஸ்க்ரீன் அளவு எடுத்துட்டேன்கா."

வேம்புவின் கை நின்றது. ஜன்னலைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"இன்னா கலரு?"

"மெரூன்."

"மெரூனா? இந்த ஹாலுக்கா? பட்டப்பகல்ல லைட்டு போட்டுகினு உக்காரணும்டி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வேம்பு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சரண எங்க படுக்க வெச்ச?"

யுவராணியால் தலை நிமிர முடியவில்லை. "மாடிப்படிக்குக் கீழ."

இதற்கு வேம்பு சிரிக்கவில்லை. வெளியே சரண் தண்ணீர் கேன் வண்டிக்காரருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, "பாத்து, பாத்து," என்று பெரிய மனிதன்போல் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. வேம்பு கீரையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்தாள். கீரையின் ஈரம் அதில் இருந்தது.

"கம்முனு தட்ட வாங்கியிருந்தா நான் நிம்மதியா போயிருப்பேன்டி."

"நீ போயிருப்ப. அவன் படிக்குக் கீழதான கெடந்திருப்பான்."

"சரி," என்றாள் வேம்பு. "அவனுக்கு அப்புறமாச்சும் ராகேஷ் எடுத்துக்கட்டும். அதையும் எழுதிடு."

"வேணாங்கா. சரணுக்குக் காச்சல் வந்தா எங்க ஊட்ல எவனும் நாள் எண்ணக் கூடாது. அவனுக்கு அப்புறம் ஊடு, அவன் படிச்ச அந்த ஸ்பெஷல் பள்ளிக்கூடத்துக்கே போவட்டும்."

வேம்பு கீரைக் கட்டை அவள் பக்கம் தள்ளினாள். "இத்த ஆயி. சும்மா உக்காந்துகினு இருக்காத."

வேம்பு ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய வாரம் எல்லோரும் நிவேதிதாவின் ஆபீஸில் கூடினார்கள். ஞானசேகரன் முகத்தை இறுக்கிக்கொண்டு வந்திருந்தார். வாசித்துக் காட்டிய உயிலில் ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். "வருஷா வருஷம் கணக்கு பாப்பேன், சொல்லிட்டேன்," என்று யுவராணியிடம் சொன்னார். "பாருங்க மாமா, அதுக்குத்தான கூப்ட்டது," என்றாள் அவள்.

சாட்சிகளைக் கூப்பிடப் போன நிவேதிதா நின்று, "சரணை யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கவில்லை. இத்தனை பேச்சில் அது யாருக்கும் தோன்றவே இல்லை.

நிவேதிதா நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "சரண், அம்மாவுக்கு அப்புறம் அந்த வீடு உங்களுக்காக இருக்கும். சித்தியும் ஞானசேகரன் சித்தப்பாவும் பாத்துப்பாங்க. உங்கள அங்கேருந்து யாரும் போகச் சொல்ல முடியாது."

"சித்தி விக்க முடியாதா?"

"முடியாது."

"சித்தப்பா?"

"அவரும் முடியாது."

"அம்மா?"

"அம்மா இருக்கிற வரைக்கும் அது அம்மா வீடு. அவங்க நினைச்சா விக்கலாம்."

சரண் திரும்பி அம்மாவைச் சந்தேகத்தோடு பார்த்தான். "ம்மா, விக்காத."

"விக்கலடா என் ராசா."

அவன் சமாதானமாகி, வேறொன்றை யோசித்தான். "சித்தி சாப்புட வரலாமா?"

"அது உங்க இஷ்டம் சரண். உங்க வீடு."

உன் இஷ்டம் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவன் நேரம் எடுத்துக்கொண்டான். போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானசேகரன்கூட அதைக் கவிழ்த்து வைத்தார். தன் வாழ்க்கையில் எந்தத் தேர்வு முடிவுக்கும் இப்படிக் காத்திருந்ததாக யுவராணிக்கு நினைவில்லை.

"வரட்டும்," என்றான் சரண். "ஞாயித்துக்கெழம. சொல்லிட்டு வரணும்."

"போன் பண்ணிட்டுத்தான்பா வருவேன்," என்றாள் யுவராணி. "இன்னா செஞ்சு போடுவ எனுக்கு?"

"எனுக்கு ஆக்கத் தெரியாது. நீதான் ஆக்கணும். கறி நான் வாங்கியாறேன்."

"சரிப்பா," என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரலைக் கவனித்தாள். வீட்டுக்காரர் சொன்னதை ஒப்புக்கொள்ளும்போது வருகிற சின்ன மரியாதை அதில் இருந்தது. முப்பது வருடத்தில் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"எழுதுங்கம்மா, அவன் சொன்னதையும் சேத்து எழுதுங்க," என்று வேம்பு கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.