சிரிக்காத படம்

என் ஸ்டுடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து காலரைச் சரிசெய்தபடி சொன்னதைக் கேட்டபோது, கையிலிருந்த கேமராவை நான் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"உங்க ஷோகேஸ்ல ஒரு மொட்டைப் பாப்பா இருக்கே, அது படத்த வெச்சு சிக்னல்ல ஒருத்தர் வசூல் பண்றாரு. ரத்தப் புற்றுநோயாம். பாவம், நானும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

அந்த மொட்டைப் பாப்பா என் அக்கா மகள். ஒன்பது வயது. அவளுக்கு இருந்த ஒரே வியாதி பேன். மருந்து போட்டுப் போட்டு அலுத்துப்போய், போன மாதம் அக்கா மொத்தமாக வழித்துவிட்டாள். அந்த வாரமே பாஸ்போர்ட் படம் எடுக்க என்னிடம் கூட்டி வந்தாள்.

பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது. எங்கள் குட்டியோ என் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பாள். "சிரிக்காதடி, சிரிக்காதடி" என்று பத்துத் தடவை அதட்டித்தான் எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நிழல் இல்லை, இரண்டு காதும் முழுசாகத் தெரிகிறது, நெற்றியில் ஒரு முடி கிடையாது. விதிமுறைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய படம் என் பதினாறு வருஷத் தொழிலில் விழுந்ததில்லை. "மொட்டையோட இருக்கா, வெளிய மாட்டித் தொலைக்காத" என்று அக்கா சொன்னாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாளே 'மாதிரிப் படம்' என்று எழுதி ஷோகேஸில் மாட்டினேன். படம் எடுக்கிறவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வராது.

மணி நாலு. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும். அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு அந்த சிக்னலைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். குட்டிக்குக் கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்தே ஆக வேண்டும். கடை போர்டு, பஸ் போர்டு, லாரியின் பின்பக்கம், எதையும் விடமாட்டாள். தையல்காரரை அப்படியே உட்கார வைத்துவிட்டு ஓடினேன்.

சிக்னலில் ஒருத்தன்தான் நின்றான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பூட்டுப் போட்ட பெட்டி. தோளில் சாய்த்திருந்த பலகையிலிருந்து குட்டி சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அவள் நெற்றிக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு. என் ஷோகேஸ் கண்ணாடியில் விழும் ட்யூப்லைட் வெளிச்சம் அது. திருட்டுப் பயல், தெருவில் நின்றபடியே போனில் எடுத்திருக்கிறான். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'இன்னும் மூன்றே மாதம். இந்தச் சிறுமியைக் காப்பாற்றுங்கள்.'

எடுத்த எடுப்பில் கத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"எந்த ஆஸ்பத்திரிங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிதான் சார்."

"எந்த டாக்டர், எந்த வார்டு? நானே நேர்ல போய்க் கட்டிடறேன்."

"டிரஸ்ட் மூலமாத்தான் சார் போகும்."

"ரசீது?"

"போனுக்கு வந்துடும் சார். நம்பர் சொல்லுங்க."

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. அடையாள அட்டையைப் பார்த்தேன். முத்திரை அவன் படத்தின் விளிம்போடு நின்றிருந்தது. உண்மையான அட்டை என்றால் முத்திரையின் பாதி படத்தின் மேல் ஏறியிருக்கும். நாளுக்கு நாலு அட்டை போடுகிறவன் நான், என்னிடமேவா?

"பலகையக் கீழ போடு. இவ என் அக்கா பொண்ணு. இவளுக்கு ஒரு நோயும் கிடையாது."

அவன் பதறவில்லை. குரலை மட்டும் உயர்த்தினான். "கேட்டீங்களாய்யா? சாகக் கெடக்குற கொழந்தைக்கு உதவி கேட்டா, இவரு அக்கா பொண்ணாம்!"

கூட்டம் சேர்ந்தது. பைக்கில் நின்றவர், "குடுக்க மனசில்லன்னா நகருங்களேன்" என்றார். கூடையோடு வந்த அம்மாள், "பச்சப்புள்ள விஷயத்துலயா வம்பு பண்ணுவாங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லா இருக்கான்னா கூட்டிட்டு வாங்க சார், பாத்துடுவோம்" என்றான் அவன்.

மணி நாலு இருபது. இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் அவளே வந்துவிடுவாள். இவன் மானம் கப்பலேறிவிடும். ஆனால் இந்தப் பலகைக்கு முன்னால் அவளை நிறுத்துவதா? அவன் காதருகே போய்ச் சொன்னேன். "போலீஸ் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் தோத்துட்டேன்னே வெச்சுக்க. இங்கருந்து கிளம்பு, போதும்."

"பாத்தீங்களா, இறங்கி வந்துட்டாரு!" என்று அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

"மாமா!"

பள்ளிப் பையோடு குட்டி ஓடி வந்தாள். பின்னால் அக்கா. நான் குறுக்கே பாய்வதற்குள் குட்டி படிக்க ஆரம்பித்துவிட்டாள். "இன்னும் மூன்றே மாதம்..." பாதிக்கு மேல் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கூட்டம் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

"பொய்டா தங்கம், இவன் திருடன்" என்றேன்.

"உனக்கு ஒண்ணுமில்லடி" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப ஏம்மா அழற?"

கூடைக்கார அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். "கொழந்தைக்குத் தெரியாம வெச்சிருக்காங்க போல." அது குட்டியின் காதிலும் விழுந்தது.

அவள் எங்களை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. இவங்க சொல்ல மாட்டாங்க. தாத்தாவுக்கும் கடைசி வரைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க."

அவன் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அந்தத் திருட்டுப் பயலை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "உண்மையச் சொல்லிடுப்பா. உன்னைக் கேக்குறா."

அவன் சுற்றிலும் பார்த்தான். முப்பது பேர் இருப்பார்கள். உண்மையைச் சொன்னால் எலும்பு மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். மெல்லக் குனிந்து, நக அளவு முடி முளைத்திருந்த அவள் தலையில் கை வைத்தான்.

"பயப்படாத பாப்பா. அண்ணன் இருக்கேன்ல, காப்பாத்திடலாம்."

யாரோ விசும்பினார்கள். யாரோ பெட்டியில் ஒரு நோட்டைத் திணித்தார்கள். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். என்னை நாலு பேர் பிடித்தார்கள். குட்டி என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் விரலைப் பற்றிக்கொண்டு, "வலிக்குமாண்ணா?" என்று அவனைத்தான் கேட்டாள்.