கூம்பு நிழல்

அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததும் நான் யோசிக்கவேயில்லை. வழிபாட்டிடம் என்று குறித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். செயற்கைக்கோள் படத்தில், ஒரு மொட்டை மலையின் ஓரமாக வரிசையாய் வெள்ளைச் சதுரங்கள். ஒவ்வொன்றின் நிழலும் அடியில் அகன்று நுனியில் குறுகிக் கிடந்தது. சுடலைமாடன் கோயில் பீடம் வேறெப்படி இருக்கும்? வருஷா வருஷம் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் அதற்கு வெள்ளையடிக்கிற குடும்பம் எங்களுடையது.

எங்கள் அலுவலகம் குத்துக்கல்வலசையில் இருக்கிறது. வெளியே குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் சன்னலை அடைத்துக்கொண்டு ஏதோ ஒரு தேசத்தை வரைந்துகொண்டிருப்போம். எந்தத் தேசம் என்று சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பெயர்களை அழித்துவிட்டுத்தான் படம் வரும். ரோடு, கிணறு, பாலம், வீடு என்று ஒவ்வொன்றையும் வரைந்து, அதற்கென்று வைத்திருக்கிற நம்பரைப் போட வேண்டும். யார் வரைந்தாலும் படம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். ராணுவத்துக்குப் போகிறது என்பது வரைக்கும் தெரியும். நம் ராணுவத்துக்கா என்று கேட்டால் மேற்பார்வையாளர் ஸ்டான்லி சார் பல்லைக் கடிப்பார்.

அவர்தான் என் படத்தைச் சரிபார்த்தார்.

"நிர்மலா, இது என்னது?"

"கோயில் சார்."

"எல்லா ஊர்லயும் உங்க சுடலைமாடன்தான் நிக்காராக்கும்?" சிரித்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாட்ச் டவரா இருந்தா? நீ கோயில்னு போட்டா அதுமேல குண்டு போட மாட்டாங்க. உள்ள துப்பாக்கியோட எவனாவது இருந்தாம்னா, கோயில்னு நம்பிப் போறவன் கதி என்ன ஆகும்?"

"அப்ப டவர்னு மாத்திரட்டுமா சார்?"

"கோயிலா இருந்து, கும்பிட வந்த சனங்க நின்னா..." அவர் தலையைச் சொறிந்தார்.

"தெரியலன்னு போட்டா?"

"தெரியலங்கிற நம்பரத்தான் எடுத்துட்டாங்கல்லா. காலையில அனுப்பணும். நீயே ஒண்ண முடிவு பண்ணிப் போடு."

அவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் அண்ணன் சுடலைராஜ் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கே என்று அவனும் சொல்ல மாட்டான். சாப்பாட்டு நேரத்தில், வாட்ச்மேனிடம் கொடுத்திருந்த போனை வாங்கி அவனைக் கூப்பிட்டேன். அதிசயமாக லைன் கிடைத்தது.

"அண்ணே, அங்கன மலையில வெள்ளையா ஏதாச்சும் கட்டி வச்சிருக்காங்களா? கூம்பு மாதிரி?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஏட்டி, உனக்கு யாரு சொன்னா?"

"சும்மாதாம்ணே. அது கோயிலா?"

"இதெல்லாம் போன்ல கேக்கப்படாது. வையி."

வைத்துவிட்டான். இருக்கிறது என்றானா, இல்லை என்றானா? அவன் நடக்கப்போகிற பாதையை வரைகிறேனா, அவனை எவனோ தேடப்போகிற படத்தை வரைகிறேனா? எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் திரையில் கோயிலை டவராக்கினேன். டவரைத் திரும்பக் கோயிலாக்கினேன். ஆறு மணிக்கு எதையும் முடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஊர் எல்லையில், எங்கள் கோயிலில் அம்மா விளக்குப் போட வந்திருந்தாள். வண்டியை நிறுத்தி, போனில் செயற்கைக்கோள் மேப்பைத் திறந்து, நான் நிற்கிற இடத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சதுரங்கள். கூம்பு நிழல்கள். கோயில் என்று எங்கேயும் போடவில்லை. அண்ணன் லீவில் வந்து அடித்த சுண்ணாம்பு என்றும் போடவில்லை. இந்தப் படம் என் மேசைக்கு வந்தால் என்ன நம்பர் போடுவேன் என்று நினைத்துப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தேன்.

"மேல என்னத்தட்டி பாக்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

சாரல் விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. பீடங்களின் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. அந்த நிழலுக்குள் நின்று அம்மா, அண்ணன் பேரைச் சொல்லித் திரியைத் தூண்டினாள். மேலேயிருந்து பார்த்தால் அவள் தெரியவே மாட்டாள்.